பின்னால் வரும் சின்னச் சொல்

லாக்கப், லாக்-அவுட், லாக்டவுன். இந்த மூன்றையும் கேள்விப்படாத கடைக்காரர் நம்மில் யாரும் இருக்க முடியாது. போலீஸ் ஸ்டேஷனில் ஒருவரை உள்ளே வைத்துப் பூட்டினால் லாக்கப். ஆலை நிர்வாகம் தொழிலாளரை வெளியே நிறுத்திவிட்டுக் கதவைப் பூட்டினால் லாக்-அவுட். 2020 மார்ச் 25ஆம் தேதி முதல் ஊரே வீட்டுக்குள் முடங்கிக் கிடக்க, மளிகைக் கடையும் மருந்துக் கடையும் நேரம் குறித்துத் திறந்திருந்தனவே, அது லாக்டவுன். மூன்றிலும் பூட்டு ஒன்றுதான். அதன் பின்னால் வந்து ஒட்டிக்கொண்ட அப், அவுட், டவுன் என்ற சின்னச் சொல்தான் யார் உள்ளே, யார் வெளியே என்று சொல்கிறது.

ஒரு வினைச்சொல்லும் அதன் பின்னால் ஒரு சின்னச் சொல்லும் சேர்ந்து, இரண்டிலும் தனித்தனியே இல்லாத புதிய அர்த்தத்தைத் தருவதை ஆங்கிலத்தில் ஃப்ரேசல் வெர்ப் என்கிறார்கள். நாம் கூட்டுவினை என்று வைத்துக்கொள்வோம். பின்னால் வரும் சின்னச் சொல்லை இக்கட்டுரையில் வால் என்றே குறிப்பிடுகிறேன்.

நமக்கு எதற்கு இந்த இலக்கணப் பாடம், கணக்குக்கு ஆடிட்டர் இருக்கிறார், கடிதம் எழுத மகனோ மகளோ இருக்கிறார்கள் என்று சிலர் கேட்கலாம். உண்மைதான். ஆனால் பாங்க் கடிதம், கம்பெனியின் ஏஜென்சி ஒப்பந்தம், வரி அலுவலகத்தின் நோட்டீஸ் ஆகியவை முதலில் நம் கல்லாப்பெட்டிக்குத்தான் வருகின்றன. குல்பர்காவிலிருந்து துவரையும் குண்டூரிலிருந்து வற்றலும் வாங்குகிற மொத்த வியாபாரிக்கு, அங்குள்ள தரகரோடு பொதுமொழி ஆங்கிலம். இல்லாவிட்டால் அரைகுறை இந்தி. செல்போனில் இரண்டு வரி செய்தி வருகிறது, நாம் ‘ஓகே’ என்று பதில் போட்டுவிடுகிறோம். தொகையையும் தேதியையும் சரியாகப் படித்துவிடுவோம். தவறு நேர்வது இந்த வால் இருக்கும் இடத்தில்தான்.

தமிழில் இல்லாத வித்தையா?

கூட்டுவினை நமக்குப் புதிதல்ல. ‘கொடுத்தான்’ என்றால் ஒன்று. ‘கொடுத்துவிட்டான்’ என்றால் பாக்கி தீர்ந்தது. ‘கொடுத்துவைத்தவன்’ என்றால் காசே கைமாறவில்லை, அதிர்ஷ்டசாலி என்று பொருள். ‘போட்டான்’ வேறு, ‘போட்டுக்கொடுத்தான்’ வேறு. கை என்ற ஒரு சொல்லை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கைகொடுத்தான், கைவிட்டான், கைகழுவினான், கைமாற்று வாங்கினான், கைநீட்டினான். இந்தக் கடைசிச் சொல்லில் பணம் வாங்கினானா, அடித்தானா என்பதுகூட இடத்தைப் பொறுத்துத்தான் தெரியும். வெளிநாட்டுக்காரர் ஒருவர் அகராதியை வைத்துக்கொண்டு ‘கை’ என்றும் ‘கழுவு’ என்றும் தனித்தனியே பொருள் பார்த்தால், நம் கூட்டாளி சோப்புப் போட்டுக்கொண்டிருக்கிறார் என்றுதான் நினைப்பார்!

இவற்றை நாம் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்யவில்லை. கடைவாசலில் உட்கார்ந்து காதால் கேட்டே கற்றுக்கொண்டோம். ஆங்கிலேயரும் அப்படியே. 1755இல் பெரிய ஆங்கில அகராதியைத் தொகுத்து வெளியிட்ட சாமுவேல் ஜான்சன், தம் மொழியில் அயலாருக்கு மிகவும் கடினமான பகுதி இதுதான் என்று முன்னுரையிலேயே ஒப்புக்கொள்கிறார். அவர் காட்டும் உதாரணங்களில் ‘செட் ஆஃப்’ என்பதும் ஒன்று. அங்கே அதற்கு அவர் தரும் பொருள் அழகுபடுத்துவது. நம் பாங்க் கடிதத்தில் வரும் செட் ஆஃப் யாரையும் அழகுபடுத்தாது என்பதைப் பின்னால் பார்ப்போம். ஃப்ரேசல் வெர்ப் என்ற பெயர் இவ்வளவு பழையதல்ல. லோகன் பியர்சால் ஸ்மித் என்பவர் 1925இல் வெளியிட்ட புத்தகத்தின் மூலம் பரவிய பெயர் அது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். ஆங்கிலத்தில் ஒரே காரியத்துக்கு இரண்டு சொல் இருக்கும். ஒன்று கனமான ஒற்றைச் சொல்: கேன்சல், போஸ்ட்போன். மற்றொன்று வீட்டுச் சொல்: கால் ஆஃப், புட் ஆஃப். 1066இல் பிரெஞ்சு பேசும் நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்தபின், ஆட்சியிலும் கோர்ட்டிலும் பிரெஞ்சும் லத்தீனும் வந்து உட்கார்ந்தன. சாதாரண ஜனங்கள் பழைய சொற்களையே வைத்துக்கொண்டார்கள். நம் கடைக்கணக்கிலும் இந்தக் கதை உண்டு. பாக்கி, வசூல், ரசீது, ஜாமீன், ஜப்தி எல்லாம் அரசாங்க வழியில் வந்த சொற்கள். கொள்முதல், விற்றுமுதல், பற்று, வரவு நம்முடையவை. இரண்டையும் கலந்துதானே பேசுகிறோம்?

தள்ளுபடி ஆனதா, ஆகவில்லையா?

நம் தொழிலில் மிகவும் முக்கியமான கூட்டுவினை எது என்று கேட்டால் ‘ரைட் ஆஃப்’ என்பேன். ரைட் என்றால் எழுது. ஆஃப் என்றால் விலகல். இங்கே ஒரு எச்சரிக்கை. தமிழில் எழுதினால் ஒன்றுபோல இருக்கும் ஆஃப் ஆங்கிலத்தில் இரண்டு உண்டு. ஒரு எஃப் போட்டது ‘உடைய’ என்ற பொருளில் வருவது. இரண்டு எஃப் போட்டதுதான் நாம் பேசும் வால்.

நம் பேரேட்டில் ஒரு ஓட்டல்காரர் பேரில் 18,400 ரூபாய் பற்று நிற்கிறது. ஓட்டலை மூடிவிட்டு ஊரைக் காலி செய்துவிட்டார். இனி வராது என்று ஆண்டுக் கடைசியில் வராக்கடனாக எழுதிவிடுகிறோம். இதுதான் ரைட் ஆஃப். 1961ஆம் ஆண்டு வருமானவரிச் சட்டப்படி, ஒரு காலத்தில் அந்தக் கடன் உண்மையிலேயே வராமல் போயிற்று என்று வியாபாரி நிரூபிக்க வேண்டியிருந்தது. 1989 ஏப்ரலிலிருந்து அந்தத் தொல்லை நீங்கியது. வராது என்று கணக்கில் ரைட் ஆஃப் செய்திருந்தாலே போதும் என்று 2010இல் உச்ச நீதிமன்றமும் கூறிவிட்டது. அந்த விற்பனையை முன்பே வருமானமாகக் காட்டியிருக்கவேண்டும் என்பது மட்டும் நிபந்தனை.

இப்போது கேள்வி. நாம் எழுதித் தள்ளிவிட்டதால் ஓட்டல்காரரின் கடன் தீர்ந்துவிட்டதா? இல்லை. அது நம் புத்தகத்தில் நாம் செய்துகொண்ட பதிவு. நாளைக்கே அவர் பணத்தோடு வந்து நின்றால் தாராளமாக வாங்கிக்கொள்ளலாம், வாங்கிய ஆண்டின் வருமானத்தில் காட்டவேண்டும், அவ்வளவுதான்.

இதை அப்படியே திருப்பிப் போட்டுப் பாருங்கள். பாங்குக்கு நாம் கடன்காரர். ‘உங்கள் கணக்கு ரைட் ஆஃப் செய்யப்பட்டுள்ளது’ என்று கடிதம் வருகிறது. படித்தவுடன் பெருமூச்சு விட்டு, சுவாமிக்கு ஒரு தேங்காய் உடைத்துவிட்டு வருகிறவர்கள் உண்டு. உடைத்த தேங்காய் வீண். பாங்க் தன் புத்தகத்தைச் சுத்தம் செய்துகொண்டது. கடன் அப்படியே இருக்கிறது, ஜாமீன் போட்டவரின் பொறுப்பும் அப்படியே இருக்கிறது, வசூல் நடவடிக்கையும் தொடரும். நம்மை விட்டுவிடுகிறார்கள் என்பதற்கு ஆங்கிலத்தில் வேறு சொல் உண்டு. ‘வேய்வ்’ என்பது அது.

குழப்பத்துக்கு நம் பத்திரிகைகளும் ஒரு காரணம். ரைட் ஆஃப் என்றாலும் தள்ளுபடி என்று எழுதுகிறார்கள், வேய்வ் என்றாலும் தள்ளுபடி என்று எழுதுகிறார்கள். 2021 பிப்ரவரியில் தமிழக அரசு அறிவித்த கூட்டுறவுப் பயிர்க்கடன் தள்ளுபடி இரண்டாவது வகை, விவசாயி கட்டவேண்டியதில்லை. பாங்குகள் பெரிய கம்பெனிகளின் கடனைத் தள்ளுபடி செய்ததாக வருகிற செய்திகளில் பல முதல் வகை. இதற்குமேல் ஆடித் தள்ளுபடி வேறு, கோர்ட்டில் மனு தள்ளுபடி வேறு! ஆகவே பாங்குடன் ஒரே தவணையில் கணக்கை முடிக்கிறவர்கள், கடிதத்தில் வேய்வ் என்ற சொல் இருக்கிறதா, ‘ஃபுல் அண்ட் ஃபைனல் செட்டில்மெண்ட்’ என்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பணம் கட்டவேண்டும். கட்டியபின் ‘நோ டியூ’ சான்றிதழையும், அடமானமாகக் கொடுத்த பத்திரத்தையும் கையோடு வாங்கவேண்டும்.

இதே ரைட்டுக்கு வாலை மாற்றினால் கணக்கும் மாறும். ரைட் டவுன் என்றால் மதிப்பைக் குறைத்து எழுதுவது. விலை உச்சத்தில் இருந்தபோது வாங்கிப்போட்ட ஏலக்காய் மார்ச் 31ஆம் தேதி மார்க்கெட்டில் விழுந்துகிடந்தால், இருப்பு மதிப்பை இறக்கி எழுதுகிறோமே, அது. ஆடிட்டர் தயாரிக்கும் தேய்மானப் பட்டியலில் டபிள்யூ.டி.வி. என்று ஒரு கட்டம் இருக்கும். ரிட்டன் டவுன் வேல்யூ என்பதன் சுருக்கம் அது. வகுப்பில் வாத்தியார் ‘ரைட் டவுன்’ என்றால் ‘குறித்துக்கொள்’ என்று மட்டும்தான் பொருள்! ரைட் பேக் என்பது எதிர்த்திசை. நாம் கொடுக்கவேண்டியது என்று வைத்திருந்த தொகையை இனி யாரும் கேட்கப்போவதில்லை என்று திரும்ப வரவில் எழுதுவது.

செட் ஆஃப், செட் அசைட்

ஜான்சன் காலத்துச் செட் ஆஃப் இப்போது பாங்க் பாரங்களில் குடியிருக்கிறது. கடன் பத்திரத்தில் ‘ரைட் டு செட் ஆஃப்’ என்று ஒரு வரி இருந்தால், கடன் தவணை தவறும்போது அதே பாங்கில் நம் பெயரில் உள்ள டெபாசிட்டை எடுத்து நேர் செய்துகொள்ளும் உரிமையைப் பாங்குக்கு நாம் கொடுக்கிறோம் என்று பொருள். மகள் கல்யாணத்துக்கென்று போட்டுவைத்த டெபாசிட் எந்தப் பாங்கில் இருக்கிறது என்பதை இந்த வரியைப் படித்தபின் ஒருமுறை யோசிப்பது நல்லது.

வியாபாரிகளுக்குள்ளும் செட் ஆஃப் உண்டு. அவரிடம் நாம் அரிசி வாங்குகிறோம், நம்மிடம் அவர் எண்ணெய் வாங்குகிறார். மாதக் கடைசியில் ஒன்றுக்கொன்று கழித்து மீதியை மட்டும் கொடுத்துவாங்குவது. வருமானவரியில் இந்த ஆண்டு நஷ்டத்தை மற்ற வருமானத்தில் கழிப்பது செட் ஆஃப், கழித்தது போக மிஞ்சியதை அடுத்த ஆண்டுகளுக்குக் கொண்டுபோவது கேரி ஃபார்வேர்டு. சாதாரண வியாபார நஷ்டத்தை எட்டு ஆண்டுகள் வரை கொண்டுபோகலாம். ஆனால் ரிட்டர்னைக் கெடு தேதிக்குள் தாக்கல் செய்திருக்கவேண்டும். நஷ்டம்தானே, மெதுவாகப் போடலாம் என்று இருந்துவிட்டால் இந்தச் சலுகை போய்விடும்.

செட் அசைட் என்பது இன்னும் ஏமாற்றும். கடையில் ‘செட் அசைட் டூ பேக்ஸ்’ என்றால் இரண்டு மூட்டையை ஓரமாக எடுத்துவை என்பது. மேல்முறையீட்டில் ‘தி ஆர்டர் ஈஸ் செட் அசைட்’ என்று வந்தால், உத்தரவை ஓரமாக எடுத்து வைத்திருக்கிறார்கள், பிறகு மறுபடி எடுப்பார்கள் என்று பயப்படவேண்டாம். அந்த உத்தரவை ரத்து செய்துவிட்டார்கள். ‘ரிமாண்டட் பேக்’ என்று சேர்ந்து வந்தால் மட்டும், புதிதாக விசாரிக்கக் கீழே அனுப்பியிருக்கிறார்கள் என்று கொள்ளவேண்டும்.

கம்பெனி எழுதும் பதில்

ஏஜென்சிக்காரர்களும் சில்லரைக் கடைக்காரர்களும் அடிக்கடி பார்க்கும் கடிதத்துக்கு வருவோம். பத்துப் பெட்டி பிஸ்கட் நனைந்து வந்துவிட்டது என்று கம்பெனிக்கு எழுதுகிறோம். பதில் நாலு விதமாக வரலாம்.

‘வீ ஷேல் லுக் இண்டு தி மேட்டர்’ என்று வந்தால், விசாரிக்கிறோம் என்று அர்த்தம். நம் ஊரில் பெண் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் ‘ஊருக்குப் போய்க் கடிதம் போடுகிறோம்’ என்பார்களே, அந்த ரகம். ‘வீ ஹேவ் டேக்கன் அப் தி மேட்டர் வித் தி ஃபேக்டரி’ என்றால், மேலே தெரிவித்திருக்கிறோம். பணம் பற்றிப் பேச்சே இல்லை. ‘வீ ஷேல் டேக் பேக் தி ஸ்டாக்’ என்றால், சரக்கைத் திரும்ப எடுத்துக்கொள்கிறோம். இதில் பாதிப் பேர் திருப்தியாகிவிடுகிறார்கள். ஆனால் கவனியுங்கள், சரக்கு போகும் என்றுதான் இருக்கிறதே தவிர, கிரெடிட் நோட் வரும் என்றோ மாற்றுச் சரக்கு வரும் என்றோ இல்லை. ‘வீ ஷேல் மேக் குட் தி லாஸ்’ என்று வந்தால்தான் நஷ்டத்தை ஈடு செய்கிறோம் என்று பொருள். இதில் குட் என்பது முறைப்படி வால் அல்ல, ஆனால் வேலை அதே வேலைதான். ‘மேக் அப் ஃபார் தி லாஸ்’ என்று எழுதினாலும் ஈடு செய்வதே. மேக்கப் என்றவுடன் நமக்கு அரிதாரம்தான் நினைவுக்கு வருகிறது, என்ன செய்வது!

பதில் வந்துவிட்டது என்று ஃபைலில் சொருகிவிடாமல், நாலில் எது என்று பார்த்து, முதல் மூன்றாக இருந்தால் அன்றைக்கே அடுத்த கடிதம் போடவேண்டும். கம்பெனிக்காரர் ஏமாற்றுகிறார் என்று சொல்லவில்லை. அவர் எழுதியதற்கு மேல் நாமாகப் படித்துக்கொள்ளக்கூடாது, அவ்வளவே.

கல்லாவைத் தொடும் வேறு சில

மார்க் அப் என்றால் அடக்க விலைக்குமேல் ஏற்றுவது, மார்க் டவுன் என்றால் போட்ட விலையிலிருந்து இறக்குவது. இதில் தகராறு வாலால் வருவதில்லை, சதவீதத்தால் வருகிறது. மார்க் அப் அடக்கத்தின் மேல் கணக்கிடுவது. மார்ஜின் விற்கும் விலையின் மேல் கணக்கிடுவது. அடக்கம் 80 ரூபாய், விற்பது 100 ரூபாய் என்றால் லாபம் 20. மார்க் அப் 25 சதவீதம், மார்ஜின் 20 சதவீதம். இரண்டும் ஒரே 20 ரூபாய்தான். கம்பெனிக்காரர் ‘20 பர்சன்ட்’ என்று வாயால் சொல்லிவிட்டுப் போனால் எது என்று கேட்கவேண்டும். 80 ரூபாய்க்கு 20 சதவீத மார்க் அப் என்றால் விலை 96. கிலோவுக்கு 4 ரூபாய் வித்தியாசம், மாதம் 500 கிலோ ஓடினால் 2,000 ரூபாய்.

கம்ப்யூட்டர் பில்லின் அடியில் ரவுண்ட் ஆஃப் என்று ஒரு வரி வருகிறது. சில வாடிக்கையாளர்கள் இதை ஏதோ கூடுதல் கட்டணம் என்று நினைத்துச் சண்டைக்கு வருகிறார்கள். முழு ரூபாயாக்குவது என்று சொன்னால் சமாதானமாகிவிடுவார்கள். ஜி.எஸ்.டி. சட்டத்திலும் வரித் தொகையில் 50 பைசாவும் அதற்கு மேலும் இருந்தால் ஒரு ரூபாயாக்கு, குறைந்தால் விட்டுவிடு என்றுதான் இருக்கிறது. ரவுண்ட் அப் என்றால் ஏற்ற மட்டும், ரவுண்ட் டவுன் என்றால் இறக்க மட்டும், ரவுண்ட் ஆஃப் இரண்டு பக்கமும் போகும்.

2025 செப்டம்பர் 22ஆம் தேதி சோப்பு, ஷாம்பு, பற்பசை ஆகியவற்றின் ஜி.எஸ்.டி. 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாக இறங்கியபோது எங்கும் அடிபட்ட சொல் பாஸ் ஆன். குறைந்த வரியின் பலனை வாங்குகிறவருக்குக் கைமாற்றிவிடு என்று பொருள். 2017ஆம் ஆண்டு சி.ஜி.எஸ்.டி. சட்டத்தின் 171ஆம் பிரிவில் இருப்பதும் இதே கூட்டுவினைதான். வாலை மாற்றிப் பாஸ் ஆஃப் என்று போட்டால் குற்றச்சாட்டு. நம் சரக்கை இன்னொருவர் சரக்குபோலக் காட்டி விற்பது. பெயர்போன மஞ்சள்தூளின் பாக்கெட்டைப்போலவே நிறமும் எழுத்தும் அமைத்துப் பாக்கெட் போடுகிறவர்கள் மீது வரும் வழக்குக்குப் பெயரே ‘பாஸிங் ஆஃப்’. முத்திரையைப் பதிவு செய்யாதவரும் இந்த வழக்கைத் தொடுக்கலாம், 1999ஆம் ஆண்டு வணிகக் குறிச் சட்டம் அதைத் தடுக்கவில்லை. பாஸ் அவுட் என்றால் நமக்குப் படிப்பு முடித்தது. அமெரிக்காவில் உள்ள சம்பந்தியிடம் ‘பையன் 2019இல் பாஸ் அவுட் ஆனான்’ என்றால், எங்கே மயங்கி விழுந்தான் என்று கேட்பார்.

அவுட்ஸ்டாண்டிங் என்ற சொல்லையும் விடக்கூடாது. ஸ்டாண்ட் அவுட் என்பதிலிருந்து வந்தது. பேரனின் பள்ளிக்கூட ரிப்போர்ட்டில் இருந்தால் மிட்டாய் வாங்கலாம். மொத்த வியாபாரி அனுப்பும் ஸ்டேட்மெண்டில் இருந்தால் செக் புத்தகத்தை எடுக்கவேண்டும்.

வால் தலைக்கு வந்தால்

சில சமயம் வால் முன்னால் வந்து ஒட்டிக்கொள்ளும். அப்போது பொருள் தலைகீழாகப் போனாலும் போகும். டேக் ஓவர் என்றால் ஒரு கடையையோ கம்பெனியையோ எடுத்து நடத்துவது. ஓவர்டேக் என்றால் ரோட்டில் முந்துவது. லுக் ஓவர் என்றால் ஒருமுறை பார்வையிடுவது, ஓவர்லுக் என்றால் பார்க்காமல் விட்டுவிடுவது. ‘ப்ளீஸ் ஓவர்லுக் அவர் பில்’ என்று எழுதினால், எங்கள் பில்லைக் கண்டுகொள்ளாதீர்கள் என்று நாமே எழுதிக்கொடுத்ததாகும். ஹோல்டு அப் என்றால் தாமதமாவது, அப்ஹோல்டு என்றால் கோர்ட் உறுதி செய்வது. வக்கீல் ‘ஆர்டர் அப்ஹெல்டு’ என்று செய்தி அனுப்பினால், தீர்ப்பு தாமதம் என்று சும்மா இருக்கக்கூடாது. நமக்கு எதிராக வந்த உத்தரவானால், அது உறுதியாகிவிட்டது. அடுத்த அப்பீலுக்கு நாள் ஓடத் தொடங்கிவிட்டது.

வால் தள்ளிப்போயும் நிற்கும். ‘தே டர்ன்டு அவர் கொட்டேஷன் ஃபார் ஃபார்ட்டி பேக்ஸ் டவுன்’ என்று ஒரு தரகர் எழுதுகிறார். டர்ன்டு தொடக்கத்தில் இருக்கிறது, டவுன் கடைசியில் இருக்கிறது. நாற்பது மூட்டைக்கு நாம் கொடுத்த விலையை மறுத்துவிட்டார்கள் என்பது செய்தி. வரியின் பாதியில் நிறுத்தாமல் முற்றுப்புள்ளிவரை படித்தால்தான் வால் அகப்படும். ‘இட்’ போன்ற சுட்டுச்சொல் வந்தால் பெரும்பாலும் நடுவில்தான் வரும்: கால் இட் ஆஃப் என்பார்களே தவிர கால் ஆஃப் இட் என்று சொல்வதில்லை. ஆனால் லுக் இண்டு போன்றவை பிரியாது. இதற்கெல்லாம் விதி உண்டு. விதியைவிடப் பத்து வரி படித்த பழக்கம் கைகொடுக்கும் என்பது என் அபிப்பிராயம்.

பழகுவது எப்படி?

கடையில் விற்கும் ஆங்கிலப் புத்தகங்களில் நூற்றுக்கணக்கான கூட்டுவினைகளை அகரவரிசையில் அடுக்கியிருப்பார்கள். அதை வாங்கி மனப்பாடம் செய்யத் தொடங்கினால் மூன்றாம் நாள் பக்கம் மடித்துவைக்க வேண்டியதுதான். நமக்குத் தெரிந்த முறை ஒன்று இருக்கிறது. அன்றாட வரவு செலவைக் குறிப்பேட்டில் எழுதி, அதிலிருந்து பேரேட்டில் ஆள்வாரியாகப் பெயர்க்கிறோம் அல்லவா? அதே முறைதான்.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். நம் கடை ஃபைலில் இருக்கும் சென்ற ஆண்டுக் கடிதங்களை எடுத்து, வாலோடு வரும் வினைகளைப் பென்சிலால் கோடிடுங்கள். பிறகு வால்வாரியாகப் பேரேடு போடுங்கள். ஆஃபுக்கு ஒரு பக்கம், அப்புக்கு ஒன்று, அவுட்டுக்கு ஒன்று, டவுனுக்கு ஒன்று, பேக்குக்கு ஒன்று. பத்துப் பதிவு சேர்ந்தவுடன் வாலின் குணம் தானாகத் தெரிய ஆரம்பிக்கும். ஆஃப் பெரும்பாலும் வெட்டி விடுவது, முடித்து விடுவது: பே ஆஃப், கால் ஆஃப், கட் ஆஃப். அவுட் என்றால் வெளியே போவது, தீர்ந்துபோவது: சோல்டு அவுட், ரன் அவுட், பேக் அவுட். டவுன் என்றால் குறைவது, நிற்பது: ஷட் டவுன், பிரேக்டவுன். அப் என்றால் ஏறுவது, அல்லது முழுதும் முடிவது: மார்க் அப், பே அப், வைண்ட் அப். பேக் என்றால் திரும்புவது. விதிவிலக்கு நிறைய உண்டு. ஒரே பாரத்தை இங்கிலாந்துக்காரர் ஃபில் இன் செய்வார், அமெரிக்காக்காரர் ஃபில் அவுட் செய்வார், நாம் ஃபில் அப் செய்கிறோம். மூன்றும் ஒன்றுதான். இதில் நியாயம் தேடிப் பயனில்லை.

ஒவ்வொரு பதிவுக்கும் எதிரே தமிழ்ப் பொருளை மட்டும் எழுதாமல், அது வந்த வரியை முழுதாக எழுதவேண்டும். சரக்கும் தொகையும் நம்முடையதாக இருப்பதால் மறக்காது. வாரத்துக்கு மூன்று போதும். பேரேட்டில் பாக்கி பார்ப்பதுபோல மாதம் ஒருமுறை பழையதைப் புரட்டவேண்டும். பொருள் தெரியாததை மகனிடமோ மகளிடமோ கேட்பதில் வெட்கமில்லை.

போனில் பேசும்போது இன்னொரு உதவி உண்டு. ஆங்கிலம் சரளமாகப் பேசுகிறவர்கள் கூட்டுவினையில் அழுத்தத்தைப் பெரும்பாலும் வாலின் மேல்தான் வைப்பார்கள். வினை காதில் விழாவிட்டாலும் வால் விழும். ‘டீல் ஈஸ்... ஆஃப்’ என்று கேட்டால் லாரியை அனுப்பாதீர்கள், மறுபடி கேளுங்கள்.

நாம் எழுதும்போது கூட்டுவினையைத் தேடிப்பிடித்துப் போடவேண்டியதில்லை. படிக்கத்தான் கட்டாயம் தெரியவேண்டும். ஆர்டரை ரத்து செய்ய கேன்சல் என்றே எழுதலாம், தள்ளிவைக்க போஸ்ட்போன் என்றே எழுதலாம், யாரும் தவறாகப் படிக்கமாட்டார்கள். தேவையில்லாத இடத்தில் வாலை ஒட்டாமல் இருந்தாலே பாதி ஆங்கிலம் சுத்தமாகிவிடும். டிஸ்கஸ் அபவுட் வேண்டாம், டிஸ்கஸ் போதும். ரிட்டர்ன் என்பதிலேயே திரும்புதல் இருக்கிறது, பேக் சேர்ப்பது அரைக்கிலோவுக்கு இரண்டு முறை நிறுத்துப் போடுவதுபோல. கோப் அப் வித் என்பதில் அப் கிடையாது.

வந்த கடிதத்தில் வால் புரியாமல் சந்தேகம் நின்றுவிட்டால், ஒரே ஒரு வரியை ஆங்கிலத்தில் தயாராக எழுதி வைத்துக்கொள்ளலாம், எந்தக் கம்பெனிக்கும் பாங்குக்கும் அது பொருந்தும். ‘கைண்ட்லி கன்ஃபர்ம் தி அமவுண்ட் அண்ட் தி டேட் இன் ரைட்டிங்.’ எவ்வளவு, எந்தத் தேதி என்று எழுத்தில் உறுதி செய்யுங்கள் என்று பொருள். அதற்கு வரும் பதிலில் ரூபாயும் தேதியும் இல்லாமல் மறுபடி ‘லுக் இண்டு’ என்றே இருந்தால், பத்துப் பெட்டி பிஸ்கட்டும் இன்னும் நம் கணக்கில்தான் இருக்கிறது.